மூன்றாம் துளை

என் அருமை ஜரீனா,

இறந்துபோன ஒருத்தி எழுதிவைத்த அடிக்குறிப்புக்கு யார் பொறுப்பு? ஒரு வாரமாக இந்தக் கேள்வியோடுதான் அலுவலகப் படி ஏறுகிறேன், இறங்குகிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ இல்லை.

நீ இதைப் படிப்பாய் என்று நான் நம்பவில்லை. எனக்கு நம்பிக்கைகள் எவ்வளவு குறைவு என்பது உனக்குத் தெரியும். நம் கல்லூரிப் பழைய மாணவர் மலரில் உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "கலகலப்பானவர், கடமை தவறாதவர்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. கலகலப்பு சரி. கடமை விஷயத்தில் எனக்கு உன்மேல் ஒரு கோபம் இருக்கிறது. அது அரைப் பக்கத்தில் அடங்காது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் இங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டுவது இன்னும் முடியவில்லை. அலுவலக ஜன்னலைத் திறந்தால் மேசையெல்லாம் புழுதி. "மண்ணு நம்மளத் தேடி மாடி ஏறி வருதுடி" என்று நீ சொல்லியிருப்பாய். உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதன்மேல் வரைபடச் சுருள்களை வைத்திருக்கிறேன், வேறு இடமில்லாததால் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு. உம்மாவை மாதம் ஒருமுறை தி. நகரில் போய்ப் பார்க்கிறேன். டீ போட மூன்று தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அடையாற்றங்கரை வளாகம்.

மற்றவர்கள் படிப்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள். ஆற்றோரம் ஒரு குடியிருப்பு இருந்த இடத்தில் பொதுமக்களுக்காக ஒரு பொழுதுபோக்கு வளாகம் எழும்புகிறது. கீழே நீச்சல்குளம், மேலே இறகுப்பந்து அரங்கு, பக்கவாட்டில் ஒரு சின்ன நூலகம், ஆற்றைப் பார்த்தபடி நடைபாதை. தூண், உத்தரம், அடித்தளம் எல்லாவற்றின் கணக்கும் என்னுடையது. அவை நிற்கப்போகும் மண்ணைப் பற்றிய அறிக்கை உன்னுடையது. முதல் ஆண்டு ஆய்வகத்தில் ஒரே நோட்டில் நம் இரண்டு பேரின் பெயரையும் எழுதினார்களே, அது இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் தொடர்ந்தது. மூலைக் கட்டத்துக்குள் உன் பெயர், கீழே என் பெயர்.

அந்த மே மாத வெயிலில் ஐந்து இடங்களில் சோதனைத் துளை போட வேண்டும் என்று குறித்திருந்தோம். மூன்றாவது துளை, குளத்தின் ஆழமான முனை வரும் இடத்தில். அங்கே போய்ப் பார்த்தால் கஸ்தூரியின் வீடு. ஓடு பாதி, தகரம் பாதி. அடையாறு அடுக்குமாடிகளில் நாலு வீட்டு வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"போட்டுக்கோ மேடம், நான் இன்னா வேணான்னா சொன்னேன்? உன் மெசினு உள்ள பூந்தா இந்தப் பக்க சொவரு படுத்துரும். பரவால்லன்னா போட்டுக்கோ."

நீ சுவரைத் தட்டிப் பார்த்தாய். அவளுடைய பெண் உள்ளே லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு நடுவுல நான் துளை போடமாட்டேன்" என்றாய். துளை போடும் ஆட்கள் சந்தோஷமாக இயந்திரத்தைச் சாலையோரத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அங்கே பழைய இடிபாடு கொட்டிய மேடு. அந்த மேட்டில் போட்ட துளையில், மே மாதக் கோடையில், பத்தடிக்குக் கீழேதான் தண்ணீர் தெரிந்தது. மூன்றாம் துளை என்று அதுதான் அறிக்கையில் ஏறியது.

அந்தக் குறையைச் சரிக்கட்ட உன்னிடம் ஒரு வழி இருந்தது. எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும், தண்ணீர் எவ்வளவு வரும் என்று நீ கேட்கமாட்டாய். அப்படிக் கேட்டால் ஆண்கள் மார்பைத் தொட்டுக் காட்டுவார்கள் என்பாய். பெண்களிடம் போய் அரிசி டின்னை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பாய். கஸ்தூரியிடமும் கேட்டாய். அவள் நாலடி உயரத்தில் இருந்த பலகையைக் காட்டினாள்.

"அது ஆத்துத் தண்ணிக்கு மேடம். அது எப்பவாச்சும்தான் வரும். ஐப்பசி, கார்த்திகைல தெனம் வர்ற தண்ணி மேலேந்து வராது, கீழேந்து கசியும். தரைல ஓட்ட கீதுன்னு எங்க வூட்டுக்காரு சிமிட்டி போட்டாரு. அடுத்த மழைக்கு அந்தச் சிமிட்டியவே அப்பளம் மாரி தூக்கிடுச்சு."

நீ கைதட்டிச் சிரித்தாய். "கௌரி, நாலாவது செமஸ்டர் பாடத்த ஒரே வரில முடிச்சிட்டாங்க பாருடி!" கஸ்தூரிக்கு எதற்குச் சிரிக்கிறாய் என்று புரியவில்லை. ஆனாலும் கூடவே சிரித்தாள்.

வாளித் தண்ணீரில் காலித் தம்ளரை அமுக்கிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். விட்டால் எழும்பி வரும். நிலத்தடித் தண்ணீர் உயரும் இடத்தில் ஒரு நீச்சல்குளத்தைக் கட்டி, கழுவுவதற்காக அதைக் காலி செய்தால், குளமே தம்ளர் மாதிரி எழும்பும். எழும்பும்போது உடையும். மேலே ஓர் அரங்கு இருக்கிறது, அதில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். இதைத் தடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அடியில் கனமான கான்கிரீட்டும், மண்ணுக்குள் ஆழமாக இறங்கிக் குளத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கும் பைல் தூண்களும் போதும். ஆனால் தண்ணீர் எங்கே வரை வரும் என்பதை யாராவது ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ அடிக்குறிப்பு எழுதினாய். எனக்கு மனப்பாடம். 'மூன்றாம் துளை, குடியிருப்பு காரணமாக இடம் மாற்றப்பட்டது. இடம் காலியானதும் உரிய இடத்தில் துளையிட்டு நீர்மட்டம் உறுதி செய்யப்படும். அதுவரை, விசாரணையில் அறிந்தபடி, வீட்டுத் தரைமட்டத்தையே நீர்மட்டமாகக் கொள்ளவும்.'

கிளம்பும்போது கஸ்தூரி கேட்டாள். "கட்டி முடிச்சா எம் பொண்ண உள்ள வுடுவாங்களா?"

"கண்டிப்பா விடுவாங்க. பொதுமக்களுக்குன்னுதான் போட்டிருக்கு. நீங்க பொதுமக்கள் இல்லாம வேற யாரு?" என்றாய் நீ. நான் வாயைத் திறக்கவில்லை. ஆட்டோவில் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவ? உம்முன்னு நிக்கிற."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

"தெரியாததத்தான்டி சொல்லணும். தெரிஞ்சத யாரு நம்மகிட்ட கேக்கப்போறா?"

இப்போதும் சொல்கிறேன், கஸ்தூரியிடம் நீ அப்படி உறுதி சொல்லியிருக்கக் கூடாது.

வீடுகளை எடுத்த வாரம் நீ மருத்துவமனையில் இருந்தாய், மூன்றாவது சுற்று கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் உனக்கு மறைக்கவில்லை. கஸ்தூரி வீடு போய்விட்டது, எல்லோரையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்கு வீடுகளில் வைத்துவிட்டார்கள் என்றேன். அதைக் கேட்டதும் உன் முதல் பேச்சு என்ன தெரியுமா? "எடம் காலியாயிடுச்சுல்ல. போய்த் துளை போடு."

"நீ எழுந்து வந்து போடு" என்றேன் நான்.

"பைத்தியமா உனக்கு? வேற ஆள வச்சுப் போடு."

"மண்ணு உன் வேலை. நீ வந்து போடு. நான் காத்திருக்கேன்."

நீ சிரித்தாய். உன்னைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்டேன். அடையாறு சிக்னலில் நிற்கும்போதுகூட அந்தச் சந்தோஷம் இருந்தது. ஜரீனா, என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தவறு அந்த வாக்கியம்தான். அதை விளையாட்டுக்குச் சொன்னேன், பிறகு உண்மையாகவே காத்திருந்தேன். வேறொருவரை அனுப்பினால் நீ வரமாட்டாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எதையும் நம்பாத நான், ஒரு துளையைத் திறக்காமல் வைத்திருந்தால் நீ பிழைத்துவிடுவாய் என்று நம்பியிருக்கிறேன். நீ போன பிறகும் ஐந்து மாதம் அதைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை. எழுதினபோது அந்த இடம் முழுக்க லாரி லாரியாக மண் கொட்டி நிரவிவிட்டிருந்தார்கள்.

அதன்பிறகு வளாகத்தைக் கட்டும் துறைக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரு துளை போட்டு, ஒரே ஒரு மழைக்காலம் தண்ணீரைக் கவனிக்க விடுங்கள் என்றேன். அடுத்த மழைக்கு முன் திறப்பு விழா நடந்தாக வேண்டும் என்று பதில் வந்தது.

போன மாதம் வடிவமைப்பைச் சரிபார்க்க ஓர் ஆலோசகரை நியமித்தார்கள். நம்மைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையானவர். அறிக்கையைப் புரட்டி, மூன்றாம் துளையில் பத்தடியில்தானே தண்ணீர், குளம் ஆறடிதான் ஆழம், பைல் எதற்கு என்று கேட்டார். அடிக்குறிப்பைக் காட்டினேன்.

"பார்த்தேன் மேடம். 'உறுதி செய்யப்படும்'னு இருக்கு. உறுதி செஞ்சீங்களா?"

"இல்லை."

"அப்ப இது தகவல் இல்லையே மேடம். ஒரு வீட்டம்மா சொன்னது."

அவர் சொன்னதில் தவறு என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உன் இரக்கம் அறிக்கையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது. என் பிடிவாதம் அதைக் காலியாகவே வைத்திருந்தது. அவர் அந்தக் காலிக் கட்டத்தில் பத்தடி என்று நிரப்பினார்.

துறையின் செயற்பொறியாளர் நல்ல மனிதர், ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் மேடம். எழுத்துல ஒண்ணும் இல்லையே" என்றார். பைல் இல்லாமல், குளத்தின் அடியில் தண்ணீர் வெளியேற வால்வுகள் வைத்துவிடலாம் என்று ஒரு சமாதானம் சொன்னார். 'மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யக் கூடாது' என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிடலாமாம். வால்வுகளை டைல்ஸ் பதிக்கிறவர் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுவார். பலகை இரண்டு வருஷத்தில் வெயிலில் வெளுத்துப்போகும். வளாகத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கார்த்திகையில், கூட்டமில்லாத மாதம் என்று பார்த்து, குளத்தைக் காலி செய்து கழுவுவார். இதெல்லாம் எனக்கு நடந்து முடிந்த மாதிரியே தெரிகிறது.

எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றுதான் போன வாரம் கஸ்தூரியைத் தேடினேன். வேலை பார்க்கும் வீடுகளை அவள் விடவில்லை என்று கேள்விப்பட்டு, இரண்டு நாள் அடையாறு பஸ் நிலையத்தில் நின்றேன். இரண்டாம் நாள் மத்தியானம் வந்தாள். இளைத்திருந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்தது.

"நீ அந்தப் பேசாத மேடம் தானே? அந்த பாய் வூட்டு மேடம் எங்க? சிரிச்சிக்கினே இருப்பாங்களே."

சொன்னேன். "ஐய" என்று வாயில் கைவைத்துக்கொண்டாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு போய்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள். நான் வாங்குகிறேன் என்றதற்கு, "சாவு சொல்ல வந்தவ வாங்கக் கூடாது, குடி" என்று அதட்டினாள்.

விஷயத்தைச் சொல்லி, தண்ணீரைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

"எழுதிக் குடுத்தா இன்னா ஆவும் மேடம்? வூட்டையே எழுதிக் குடுத்தோம்."

"ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ பொய் சொல்லல. அதுக்கோசரம் எழுதித் தர்றேன்." என் நோட்டில் ஒரு தாளில், மடியில் வைத்து, அவளே எழுதினாள். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஒவ்வொரு மழைக்கும் தரைக்குள்ளிருந்து தண்ணீர் வரும், சிமெண்டைத் தூக்கியது, இது சத்தியம். கீழே கையெழுத்து. மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். பத்தாவது படிக்கிறாளாம்.

"அப்ப கேட்டேனே, ஞாபகம் கீதா? உள்ள வுடுவாங்களான்னு? இப்ப வுட்டா மட்டும் இன்னா, ஒன்ற மணி நேரம் பஸ்ஸு ஏறி நீச்சல் அடிக்க வருவாளா? போற வழியிலயே குளிச்சிரும், பஸ்ஸு அப்டி ஒழுவுது." சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு நீ ஏதாவது பதில் சொல்லியிருப்பாய். நான் கையை மட்டும் ஆட்டினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயிலில் மெட்ரோ வேலைகூட நின்று போயிருக்கிறது. நாளை பதினொரு மணிக்குக் கூட்டம். பைல் இல்லாத புதிய வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும், குழி ஏற்கெனவே தோண்டியாகிவிட்டது, போட்டால் அன்றைக்கே கான்கிரீட் வேலை ஆரம்பம். என்னால் எதையும் நிறுத்திவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கும். எந்த நிலைமையிலும் உனக்கு ஏதாவது தோன்றும். அது உன் அறிவா, சுபாவமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன், என்னால் முடிகிற அளவுக்கு மட்டும். கஸ்தூரி வீட்டுத் தரையை நீர்மட்டமாக ஒப்புக்கொண்டால், வரைபடத்தின் மூலையில் நம் இரண்டு பெயரும் இருக்கும். இல்லையென்றால் இரண்டும் இருக்காது. ஒன்று மட்டும் இருக்க விடமாட்டேன்.

உம்மா இன்னமும் எடுத்து வைக்கிற மூன்று தம்ளரில் ஒன்றுக்குச் சொந்தக்காரி,
உன் சகோதரி கௌரி.

திங்கட்கிழமை மாலை.

கடிதத்தை இன்னும் மலருக்கு அனுப்பவில்லை. நடந்ததை எழுதி முடித்துவிட்டு அனுப்புகிறேன்.

பதினொன்றுக்குப் போனேன். கஸ்தூரியின் தாளைக் கொடுத்தேன். செயற்பொறியாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். அவசரப்படவில்லை. நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இதை நான் எந்த ஃபைல்ல மேடம் வைக்கறது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஆலோசகர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். குளம், பைல் இல்லாமல். மூலைக் கட்டத்தில் என் பெயர் இருந்த இடத்தில் அவருடைய பெயர், கையெழுத்தோடு. தேதி சனிக்கிழமை. நான் மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்ததாகச் சொன்னார். அதையும் நம்புகிறேன்.

அதற்கு மேலே உள்ள கட்டத்தில், 'மண் ஆய்வு' என்பதற்கு எதிரே, உன் பெயர் அப்படியே இருந்தது. 'நீர்மட்டம் பத்தடி, மூன்றாம் துளையின்படி' என்ற குறிப்பு அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

"அவங்க பேரை எடுத்துடுங்க. அவங்க இதைச் சொல்லலை."

"அறிக்கை அவங்களோடது மேடம். பேரை எடுக்கணும்னா, அவங்கதான் எழுதிக் குடுக்க..." ஆலோசகர் பாதியில் நிறுத்தினார். முகம் சிவந்துவிட்டது. செயற்பொறியாளர் எல்லோருக்கும் டீ சொன்னார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மூன்று மணிக்கு வளாகத்துப் பக்கமாகப் போனேன். தோண்டிய குழியின் ஓரத்தில், மழையே இல்லாத நாளில், ஒரு பம்ப் தண்ணீரை இறைத்து ஆற்றுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. காவலாளியிடம் ஏது தண்ணீர் என்று கேட்டேன்.

"தெர்ல மேடம். ராவானா ஊறிக்கினு வந்துருது. காலைலேந்து எறச்சிக்கினேகீறோம்."

கான்கிரீட் லாரி உள்ளே போக வேண்டும், தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன். வேலியில் அந்த வரைபடத்தின் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டியிருந்தார்கள். உன் பெயருக்குக் கீழே என் பெயர் இல்லாமல் ஒரு வரைபடம் வேலைத்தளத்தில் தொங்குவதை இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தேன்.